முதல் உறைபனிக்கு ஐந்து வாரம்: மாடுகளை இப்போது மேய்ச்சல் தரையில் விடலாமா?

புதுக்கலப்பை (கேள்வி):

அனைவருக்கும் வணக்கம். கோடை முடிந்து இலையுதிர்காலம் தொடங்கும் இந்த வாரத்தில் எந்த வேலையை முதலில் எடுப்பது, எதைத் தள்ளிப்போடுவது என்று எனக்குத் தெளிவு கிடைக்கவில்லை. குளிர்காலத்தில் மண் உறைந்துபோகும் பகுதியில் நான் பண்ணை நடத்தத் தொடங்கி இது இரண்டாம் ஆண்டுதான். சென்ற ஆண்டு கண்ணில் பட்ட வேலையை எல்லாம் கிடைத்த வரிசையில் செய்தேன். அதன் விளைவு இந்த வசந்தத்தில் புல் வராமல் தெரிந்தது.

நிலம் மொத்தம் 12 ஹெக்டேர். அதில் 6 ஹெக்டேர் ஆர்ச்சர்டு புல், ஃபெஸ்க்யூ, வெள்ளைக் குளோவர் மூன்றும் கலந்த நிரந்தர மேய்ச்சல் தரை. அதை நான்கு அடைப்புகளாகப் பிரித்திருக்கிறேன். 2 ஹெக்டேரில் மூன்றாம் ஆண்டுக் குதிரை மசால் (பல ஆண்டு நிற்கும் தீவனப் பயிர்) நிற்கிறது. கடைசியாக அறுத்தபின் இப்போது 25 செ.மீ. உயரம் வந்திருக்கிறது. 1 ஹெக்டேரில் தீவனச் சோளம். நடுக்கோடையில் ஒருமுறை அறுத்தேன், அதன் பிறகு மழையே இல்லாமல் வாடி நின்றது, பத்து நாள்களுக்கு முன் பெய்த மழையில் அறுத்த அடியிலிருந்து மறுதாம்பு கிளம்பி முழங்கால் அளவுக்கு வந்துவிட்டது. மீதமுள்ள 3 ஹெக்டேர் மக்காச்சோளத்தைச் சைலேஜுக்கு (காற்றுப் புகாமல் குழியில் புளிக்கவைக்கும் பச்சைத் தீவனம்) வைத்திருக்கிறேன். மாடுகள் 22, சராசரி எடை 500 கிலோ இருக்கும், பெரும்பாலானவை சினை.

வறட்சியில் மேய்ச்சல் தரை தரையோடு தரையாகக் கடிக்கப்பட்டிருந்தது. மழைக்குப் பிறகு பச்சை பிடித்திருக்கிறது. அதைப் பார்க்கும்போது உலர்புல்லைச் செலவழிக்காமல் உடனே மாடுகளை உள்ளே விட்டுவிடலாம் என்றுதான் மனம் சொல்கிறது. எங்கள் பகுதியில் முதல் உறைபனி வழக்கமாக இன்னும் ஐந்து வாரத்தில் வரும். இந்த ஐந்து வாரத்தை எப்படிப் பயன்படுத்துவது என்று அனுபவம் உள்ளவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.


ஈரமண்:

வணக்கம் நண்பரே. தமிழில் நாம் காலையில் புல்நுனியில் நிற்கும் நீர்த்துளியையும் பனி என்கிறோம், புல்லையே கருக்கும் வெண்படலத்தையும் பனி என்கிறோம். நீங்கள் உறைபனி என்று பிரித்து எழுதியதே நல்ல தொடக்கம். இந்தப் பருவத்தில் எல்லாக் கணக்கும் அந்த ஒரு நாளிலிருந்து பின்னோக்கி எண்ணப்படுவது. நாள்காட்டியில் என்ன மாதம் என்பதை மறந்துவிட்டு, ஒவ்வொரு வயலுக்கும் "உறைபனிக்கு இத்தனை வாரம் முன்பு இதற்கு மேல் செய்யக் கூடாது" என்ற ஒரு வரம்பைக் குறித்துக்கொள்ளுங்கள். நான் மேய்ச்சல் தரையைப் பற்றி மட்டும் சொல்கிறேன். சோளத்தையும் மசாலையும் பற்றி என்னைவிட நன்றாக அறிந்தவர்கள் இங்கே இருக்கிறார்கள்.

மாடுகளை இப்போது விடாதீர்கள். நீங்கள் பார்க்கும் பச்சை, புல் தன் கடைசிச் சேமிப்பை எடுத்துச் செலவழித்துப் போட்ட பச்சை. ஆர்ச்சர்டு புல்லும் ஃபெஸ்க்யூவும் தங்கள் சர்க்கரையைப் பெரும்பாலும் வேரில் வைப்பதில்லை. தண்டின் அடிப்பகுதியில், மண்ணுக்கு மேலே ஏழெட்டு சென்டிமீட்டருக்குள் வைக்கின்றன. மாடு தரையோடு கடிக்கும்போது இலையோடு சேர்த்து அந்தச் சேமிப்பையும் தின்றுவிடுகிறது. கோடையில் ஒருமுறை அது நடந்துவிட்டது. இப்போது துளிர்த்த இலை இன்னும் தண்டடியில் எதையும் திருப்பி வைக்காத நிலையில் மறுபடியும் கடிபட்டால், தூர்கள் குளிரைத் தாங்காமல் சாகும், அல்லது உயிரோடு இருந்தும் வசந்தத்தில் மூன்று நான்கு வாரம் பிந்தி எழும். வசந்தத்தில் எழவேண்டிய புதுத் தூர்கள் பெரும்பாலும் இந்த இலையுதிர்காலத்தில்தான் கட்டுகின்றன என்பதையும் சேர்த்துப் பாருங்கள். சென்ற வசந்தத்தில் உங்களுக்குப் புல் வராமல் போனதற்குக் காரணம் வசந்தத்தில் இருந்திருக்காது என்பது என் ஊகம்.

அப்படியானால் மாடுகளை எங்கே நிறுத்துவது? நான்கு அடைப்புகளில் ஏற்கெனவே மிகவும் கெட்டுப்போன ஒன்றைத் தேர்ந்தெடுத்து, அதைப் பலிகொடுத்ததாக நினைத்துக்கொண்டு, மாடுகளை நான்கு வாரம் அங்கேயே நிறுத்தி உலர்புல் போடுங்கள். கணக்கு இதுதான்: 500 கிலோ மாடு ஒன்று தன் எடையில் இரண்டேகால் சதவீதம் அளவுக்கு உலர்பொருள் தின்னும் என்று வைத்தால் நாளொன்றுக்கு 11 கிலோவுக்குச் சற்று மேலே வரும், புல்லிலுள்ள ஈரத்தையும் கூட்டினால் ஏறத்தாழ 13 கிலோ உலர்புல். 22 மாடுகளுக்கு நாளைக்கு 286 கிலோ, முப்பது நாளைக்கு எட்டரை டன். சிந்திச் சிதறுவதற்குத் தனியாக வைத்துக்கொள்ளுங்கள். எட்டரை டன் என்று பார்த்தவுடன் வயிறு கலங்கும், எனக்கும் கலங்கியிருக்கிறது. ஆனால் இப்போது போடும் உலர்புல், மற்ற மூன்று அடைப்புகளில் உறைபனிக்குப் பிறகும் மேயக்கூடிய புல்லாகத் திரும்பி வரும். அந்தப் புல், கோடையில் அறுத்துக் கட்டிய பெரும்பாலான உலர்புல்லைவிடத் தரத்தில் மேலாகவே இருக்கும். குளிர்காலத்தில் எப்படியும் போடப்போகும் உலர்புல்லில் ஒரு பங்கை முன்கூட்டியே போடுகிறீர்கள், அவ்வளவுதான்.

மீண்டும் உள்ளே விடுவது எப்போது என்பதற்கு நான் அளவுகோல் எடுத்துப் போவதில்லை. என் நடுவிரல் நுனியிலிருந்து மணிக்கட்டு வரை 18 செ.மீ. இருக்கிறது. கையைப் புல்லுக்குள் நேராக ஊன்றும்போது இலை மணிக்கட்டைத் தாண்டினால் மாடு உள்ளே போகலாம். விரல்கள் மட்டும் மறையும் உயரத்துக்கு, அதாவது 8 முதல் 10 செ.மீ. வரைக்கு வந்தவுடன் வெளியே வந்துவிட வேண்டும். கோடையில் 25 அல்லது 30 நாளில் ஒரு சுற்று முடிந்திருக்கும். பகல் சுருங்கச் சுருங்க அதே வளர்ச்சிக்கு 40 நாளுக்கு மேலும் ஆகும். பழைய சுற்றிலேயே மாடுகளை ஓட்டிக்கொண்டிருப்பவர்களுக்குத்தான் ஒரு வாரத்தில் புல் "திடீரென்று" தீர்ந்துபோகிறது.

ஓர் அடைப்பைக் குளிர்கால மேய்ச்சலுக்கென்று ஒதுக்குவதானால் ஃபெஸ்க்யூ அதிகமாக உள்ளதை ஒதுக்குங்கள். ஆர்ச்சர்டு புல்லின் இலை கடும் பனியில் சீக்கிரம் பழுத்துவிடும், ஃபெஸ்க்யூவின் இலை மெழுகுப் பூச்சோடு நெடுநாள் நிற்கும். மேயவிடும்போது முழு அடைப்பையும் திறந்துவிடாமல், ஒற்றைக் கம்பி மின்வேலியை இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை நகர்த்திப் பட்டை பட்டையாகக் கொடுங்கள். மொத்தமாகத் திறந்தால் தின்பதைவிட மிதிப்பது அதிகமாக இருக்கும்.


கொழுமுனை:

புதுக்கலப்பை அவர்களுக்கு வணக்கம். ஈரமண் சொன்னதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. என் கண் போனது உங்கள் கடிதத்தில் வேறொரு வரிக்கு: "மறுதாம்பு கிளம்பி முழங்கால் அளவுக்கு வந்துவிட்டது." மற்ற எல்லாவற்றையும் தள்ளிவைத்துவிட்டு இன்றைக்கே அந்தச் சோள வயலின் வேலியைச் சரிபாருங்கள்.

சோளத்தின் இலையில் துர்ரின் என்றொரு பொருள் இருக்கிறது. இலை முழுதாக இருக்கும்வரை அது தனியாகவும் அதை உடைக்கும் நொதி தனியாகவும் கிடக்கும். மாடு மெல்லும்போதும், உறைபனி செல்களை வெடிக்கச் செய்யும்போதும் இரண்டும் கலந்து ஹைட்ரோசயனிக் அமிலம் என்ற சயனைடு நஞ்சு வெளியாகிறது. இளந்துளிரில் இது மிக அதிகம். வறட்சியில் வாடி மழையில் எழுந்த மறுதாம்பில் இன்னும் அதிகம். தழைச்சத்து நிறையப் போட்ட வயலில் அதற்கும் மேல். உங்கள் வயலில் முதல் இரண்டும் ஏற்கெனவே இருக்கின்றன. பயிர் குறைந்தது 60 செ.மீ. உயரம் தாண்டும் வரை மாடு அதில் வாய் வைக்கக் கூடாது. அசைபோடும் விலங்குகளுக்கு இந்த நஞ்சு மற்றவற்றைவிடக் கடுமையாகப் பாய்கிறது, ஏனென்றால் முதல் இரைப்பையிலுள்ள நுண்ணுயிர்களே நஞ்சைப் பிரித்தெடுத்துக் கொடுத்துவிடுகின்றன.

இதை நான் படித்துத் தெரிந்துகொண்டு எழுதவில்லை. பல ஆண்டுகளுக்கு முன் என் கிடாரி ஒன்று கம்பி வேலியில் தளர்ந்திருந்த ஓர் இடத்தின் வழியாகத் தலையை நீட்டி, வரப்போரத்துத் துளிர்களைக் கடித்துக்கொண்டிருந்தது. நான் பார்த்து விரட்டியபோது அது கால்மணி நேரத்துக்கு மேல் தின்றிருக்காது. தண்ணீர்த் தொட்டி வரை நடந்துவந்தது, மூச்சு வாங்கியது, பின்னங்கால் தள்ளாடியது, விழுந்துவிட்டது. ஈறும் கண்ணிமையின் உட்புறமும் செக்கச்செவேலென்று இருந்தன. இவ்வளவு நல்ல நிறத்தோடு இருக்கும் மாடு எப்படிச் சாகும் என்று நான் நினைத்துக்கொண்டே நின்றேன். இரத்தத்தில் உயிர்வளி இருந்தும் உடல் அதை எடுத்துப் பயன்படுத்த முடியாமல் போவதால்தான் அந்தச் சிவப்பு என்பது பிறகு தெரிந்தது. மருத்துவர் வந்து சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. மருந்து இருக்கிறது, ஆனால் அது கைக்கெட்டும் நேரத்துக்குள் மாடு இருக்க வேண்டும்.

உறைபனி வந்த பிறகு செய்ய வேண்டியது இரண்டு விதம். ஒரே இரவில் செடி முழுவதும் கருகிச் செத்துவிட்டால், நன்றாகக் காய்ந்து வைக்கோல் நிறத்துக்கு வரும்வரை, குறைந்தது ஒரு வாரம் காத்திருந்து மாடுகளை விடலாம். நுனி மட்டும் கருகி அடித்தூர் உயிரோடு இருந்தால் அங்கேதான் ஆபத்து. நான்கைந்து நாளில் அடியிலிருந்து வெளிர்பச்சையாகப் புதுத் துளிர் வரும். மேலே காய்ந்த தாள், கீழே நஞ்சு. மாடு முதலில் தேடித் தின்பது கீழே உள்ளதைத்தான். அப்படித் துளிர் வந்தால், அது செத்துக் காயும்வரை அந்த வயலை மறந்துவிடுங்கள். ஒவ்வொரு உறைபனிக்கும் நாள்கணக்கைப் புதிதாகத் தொடங்க வேண்டும்.

அறுத்துக் காயவைத்து உலர்புல்லாக்கினால் சயனைடு பெரும்பாலும் ஆவியாகிப் போய்விடும். சைலேஜ் போட்டால் குறைந்தது நான்கு வாரம், நான் ஆறு வாரம் விடுவேன், திறக்காமல் வைத்துவிட்டுப் பிறகு கொடுக்கலாம். ஆனால் நைட்ரேட் என்ற இன்னொரு நஞ்சு வேறு கதை. வறட்சிக்குப் பின் மழை பெய்தவுடன் வேர் தழைச்சத்தை அவசரமாக உறிஞ்சித் தண்டின் அடியில் நைட்ரேட்டாகக் குவித்துவைக்கும்; காயவைத்தாலும் அது போகாது. சைலேஜில் ஓரளவு குறையும், முழுதும் அல்ல. ஆகவே அறுக்கும்போது 20 முதல் 25 செ.மீ. தாளை வயலிலேயே விட்டுவிட்டு மேலே அறுங்கள், கொடுப்பதற்கு முன் ஒரு மாதிரியைச் சோதனைக்கு அனுப்புங்கள். நைட்ரேட்டில் இரத்தம் சாக்லேட் நிறத்துக்கு மாறும், சயனைடில் செந்நிறம். மருத்துவரிடம் தொலைபேசியில் சொல்லும்போது இந்த ஒரு வேறுபாடு அவருக்குப் பெரிதும் உதவும், ஏனென்றால் இரண்டுக்கும் மருந்து வேறு.

அடுத்த ஆண்டு இதே வயலில் கோடைத் தீவனம் போடுவதானால் கம்பைப் பற்றி யோசியுங்கள். கம்பில் துர்ரின் இல்லை. நைட்ரேட் கவலை மட்டும் அங்கும் உண்டு.

குதிரை மசாலை இப்போதே அறுத்துவிடுங்கள் என்பது என் கருத்து. 25 செ.மீ. இருக்கிறது, வெயிலும் இருக்கிறது. இன்னும் இரண்டு வாரம் போனால் புல் காயாது.


வரப்போரம்:

வணக்கம். கொழுமுனையின் சோளக் குறிப்பை அச்சடித்துத் தொழுவக் கதவில் ஒட்டலாம். அவருடைய கடைசிப் பத்தியோடு மட்டும் நான் உடன்படவில்லை, அதனால்தான் எழுத வந்தேன்.

அறுத்த குதிரை மசால் மறுபடியும் 15 முதல் 20 செ.மீ. வளரும்வரை வேரிலும் வேரின் தலைப்பகுதியிலும் உள்ள சேமிப்பைத் தின்றுதான் வளர்கிறது. அதற்குப் பிறகுதான் இலை சம்பாதித்து வேருக்குத் திருப்பி அனுப்பத் தொடங்கும். உங்கள் மசால் 25 செ.மீ. என்றால் அது இப்போதுதான் கடனை அடைக்க ஆரம்பித்திருக்கிறது. இன்று அறுத்தால் அடுத்த மூன்று வாரம் மறுபடியும் கடன் வாங்கும், கடன் உச்சத்தில் இருக்கும்போது உறைபனி வந்து இலையைக் கொல்லும், வேர் வெறுங்கையோடு குளிர்காலத்துக்குள் போகும். உறைபனிக்கு முந்தைய நான்கு முதல் ஆறு வாரம் வரை மசாலைத் தொடக்கூடாது என்று சொல்லிவைத்திருப்பதன் காரணம் இதுதான். நீங்கள் அந்தக் காலத்துக்குள் நுழைந்துவிட்டீர்கள்.

இந்த மசாலை அடுத்த வசந்தத்தில் உழப்போகிறீர்கள் என்றால் கொழுமுனை சொன்னதே சரி, இன்றே அறுங்கள், இழக்க ஒன்றுமில்லை. இன்னும் இரண்டு ஆண்டு வைத்துக்கொள்ள நினைத்தால் காத்திருங்கள். வெப்பம் சில மணி நேரம் −4 டிகிரி செல்சியஸ் வரை இறங்கினால் மசாலின் மேற்பகுதி செத்துவிடும். அதற்குப் பிறகு அறுத்தாலும் மேய்த்தாலும் செடி மறுபடி துளிர்க்க முயலாது, சேமிப்பும் கரையாது. அப்போதும் 15 செ.மீ. தாளை விட்டுவிடுங்கள், அது பெய்யும் வெண்பனியைப் பிடித்து நிறுத்தி வேர்த்தலைக்குப் போர்வையாக்கும். மேய்ப்பதானால் உப்புசத்தை நினைவில் வையுங்கள்: உறைபனி பட்ட உடனே விடாமல் சில நாள் கழித்து, மாடுகளின் வயிற்றை உலர்புல்லால் நிரப்பிய பிறகு, இலையில் உறைந்த பனி உருகியபின் விட வேண்டும்.

மசாலுக்கு இப்போது செய்யக்கூடியது சாம்பல்சத்துதான். ஒரு டன் உலர்ந்த மசால் ஏறத்தாழ 25 கிலோ பொட்டாஷை வயலிலிருந்து எடுத்துக்கொண்டு போகிறது. மூன்று ஆண்டு அறுத்த வயலில் அது குறைந்திருக்க வாய்ப்பு அதிகம், குறைந்தால் குளிர் தாங்கும் திறனும் குறையும். ஆனால் கண்மூடிப் போடாமல் மண் சோதனை முடிவைப் பார்த்துப் போடுங்கள்.

மண் மாதிரி எடுக்க இதைவிட நல்ல பருவம் இல்லை. சுண்ணாம்பு மண்ணோடு வினைபுரிய ஆறு மாதம் முதல் ஓராண்டு வரை ஆகும். வசந்தத்தில் சோதித்து வசந்தத்தில் போட்டால் அந்த ஆண்டுப் பயிருக்குப் பாதிப் பயனும் கிடைக்காது. உழவு நிலத்தில் 15 செ.மீ. ஆழம், உழாத மேய்ச்சல் தரையில் 8 முதல் 10 செ.மீ. ஆழம், வயலுக்கு 15 அல்லது 20 இடங்களில் எடுத்துக் கலந்து ஒரே மாதிரியாக்குங்கள். தண்ணீர்த் தொட்டியைச் சுற்றியும் சாணம் விழுந்த இடத்திலும் எடுக்காதீர்கள். துத்தநாகம் பூசிய வாளியில் கலக்காதீர்கள். பிளாஸ்டிக் வாளியே போதும். நான் ஒருமுறை தகர வாளியில் கலந்து அனுப்பி, என் நிலம் முழுவதும் துத்தநாகம் கொழிக்கிறது என்ற முடிவைப் படித்து ஒரு மாலைப் பொழுது மகிழ்ந்திருந்தேன்.

மக்காச்சோளத்தைப் பற்றியும் ஒரு சொல். மேலிலை வெளுத்துக் காய்ந்துவிட்டால் செடியே காய்ந்துவிட்டது என்று தோன்றும், ஆனால் தண்டிலும் கதிரிலும் நீர் அப்படியே இருக்கும். வெட்டிய துண்டுகளை ஒரு கைப்பிடி எடுத்து அரை நிமிடம் இறுக்கிப் பிடித்துக் கையைத் திறந்து பாருங்கள். விரலிடுக்கில் நீர் சொட்டினால் இன்னும் பொறுக்க வேண்டும். நீர் சொட்டாமல் உருண்டை மெல்ல விரிந்தால் வெட்டலாம். உருண்டை உடனே உதிர்ந்தால் பிந்திவிட்டீர்கள், குழியில் இறுகாது, பூஞ்சை பிடிக்கும். ஈரம் 65 முதல் 70 சதவீதம் வரை இருக்கும் நிலையைத்தான் இந்தக் கைச்சோதனை காட்டுகிறது.

மக்காச்சோளம் போனவுடன் அந்த 3 ஹெக்டேரை வெறும் மண்ணாக விடாதீர்கள். இந்தக் காலத்தில் விதைத்தால் நம்பத்தகுந்தது ரை தானியம் ஒன்றுதான். மண் 3, 4 டிகிரிக்குக் குளிர்ந்த பிறகும் முளைக்கும். ஹெக்டேருக்கு 100 கிலோ விதை, 3 செ.மீ. ஆழம். பயிர் குடித்து மீந்த தழைச்சத்து மழையோடு கீழே இறங்கிப் போகாமல் அதன் வேர் பிடித்துவைக்கும், வசந்தத்தில் மற்ற எந்தப் புல்லுக்கும் முன்னால் மேய்ச்சலுக்கும் வரும். ஓட்ஸ் குளிரில் செத்துவிடும். வசந்தத்தில் உழவு வேலை குறைய வேண்டும் என்பவர்களுக்கு அது வசதி. அவரையினங்களுக்குப் பொழுது தாண்டிவிட்டது. மக்காச்சோளத்துக்கு அடித்த களைக்கொல்லியின் எச்சம் ரையைப் பாதிக்குமா, மேய்ச்சலுக்குத் தடை உண்டா என்று மட்டும் உறையில் அச்சிட்டிருப்பதைப் படித்துக்கொள்ளுங்கள்.


புதுக்கலப்பை:

மூவருக்கும் மிக்க நன்றி. சோள வயலைச் சுற்றி இரண்டாவது கம்பி இழுத்துவிட்டேன். மசாலை இன்னும் இரண்டு ஆண்டு வைத்துக்கொள்ளும் எண்ணம் இருப்பதால் அறுக்காமல் விடுகிறேன். கெட்டுப்போன அடைப்பில் மாடுகளை நிறுத்தி உலர்புல் போடத் தொடங்கியிருக்கிறேன். மூன்றாம் நாளே அவை வேலியோரம் நின்று மறுபக்கத்துப் பச்சையைப் பார்த்துக் கத்துகின்றன, அதுதான் பொறுக்க முடியவில்லை.

இரண்டு சிறு ஐயங்கள். ஒதுக்கிய ஃபெஸ்க்யூ அடைப்பு ஒன்றரை ஹெக்டேர். அதற்கு யூரியா போடலாமா? உருளைக் கட்டுகளைக் கொட்டகைக்கு வெளியேதான் வைத்திருக்கிறேன். மேலே கொஞ்சம் கெட்டுப்போனால் பெரிய நட்டமில்லை என்று நினைப்பது சரிதானா?


ஈரமண்:

கத்தட்டும். ஒரு வாரத்தில் பழகிவிடும்.

யூரியாவுக்கு முன் குளோவர் எவ்வளவு இருக்கிறது என்று பாருங்கள். தரையில் மூன்றில் ஒரு பங்கு குளோவர் என்றால் போட வேண்டாம். அது தரும் தழைச்சத்தே போதும், யூரியா போட்டால் புல் எழுந்து குளோவரை அமுக்கிவிடும். குளோவர் குறைவென்றால் ஹெக்டேருக்கு 50 கிலோ தழைச்சத்து, அதாவது ஏறத்தாழ 110 கிலோ யூரியா, உங்கள் ஒன்றரை ஹெக்டேருக்கு 165 கிலோ. இதை நான்கு வாரத்துக்கு முன்பே போட்டிருந்தால் பலன் இன்னும் கூடியிருக்கும். இப்போதும் வீணாகாது, ஏனென்றால் ஃபெஸ்க்யூ முதல் உறைபனியோடு நின்றுவிடுவதில்லை. சராசரி வெப்பம் 5 டிகிரிக்குக் கீழே போகும்வரை மெல்ல வளர்ந்துகொண்டிருக்கும். மழை வரும் என்ற உறுதி இருக்கும் நாளுக்கு முந்தைய மாலை போடுங்கள். 10 மி.மீ. அளவுக்காவது மழை விழுந்து அதை மண்ணுக்குள் இறக்காவிட்டால் ஒரு பகுதி அம்மோனியாவாகக் காற்றோடு போய்விடும். மற்ற இரண்டு அடைப்புகளுக்கு இப்போது எதுவும் வேண்டாம்.

கட்டுகளைப் பொறுத்தவரை நீங்கள் நினைப்பது தவறு. 150 செ.மீ. விட்டமுள்ள உருளைக் கட்டில் வெளிப்புறம் 15 செ.மீ. மட்டும் கெட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். பார்வைக்கு அது ஒரு தோல்போலத்தான் தெரியும். ஆனால் ஆரம் 75 செ.மீ.யிலிருந்து 60 செ.மீ.யாகக் குறைந்துவிட்டது, மீந்திருப்பது 64 சதவீதம். கட்டில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போய்விட்டது என்று பொருள். கொட்டகை இல்லையென்றால் குறைந்தபட்சம் கீழே சரளைக் கல்லோ பழைய டயரோ போட்டு மண்ணிலிருந்து தூக்கி வையுங்கள், ஏனென்றால் மேலே விழும் மழையைவிடக் கீழிருந்து ஏறும் ஈரமே அதிகம் கெடுக்கும். கட்டுகளைத் தட்டை முகத்தோடு தட்டை முகம் ஒட்டி வரிசையாக வைத்து, வரிசைக்கும் வரிசைக்கும் ஒரு மீட்டர் இடைவெளி விடுங்கள். ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்காதீர்கள். மரநிழலில் வைத்திருந்தால் இந்த வாரமே நகர்த்துங்கள்.


வரப்போரம்:

ஈரமண் விட்ட ஒன்றை மட்டும் சேர்க்கிறேன். மேய்ச்சல் தரையில் முட்செடிகள், ஆழவேர்க் களைகள் இருந்தால் இதுதான் அவற்றை அடிக்கும் பருவம். இப்போது அவை சர்க்கரையை இலையிலிருந்து வேருக்கு இறக்கிக்கொண்டிருக்கின்றன, ஊடுருவிப் பாயும் களைக்கொல்லியும் அதே ஓட்டத்தில் சேர்ந்து இறங்கும். கோடையில் அடித்தால் தலை மட்டும் கருகும். தரையோடு வட்டமாக இலை விரித்துப் படுத்திருக்கும் ஈராண்டுக் களைகளும் இப்போது சிறியவை, எளிதில் சாகும். குளோவர் உள்ள இடத்தில் முழு வயலுக்கும் அடிக்காமல் கைத்தெளிப்பானால் செடி செடியாக அடியுங்கள். இல்லாவிட்டால் குளோவரும் சேர்ந்து போய்விடும்.


புதுக்கலப்பை (மூன்று வாரம் கழித்து):

மீண்டும் வணக்கம். ஃபெஸ்க்யூ அடைப்பில் கையை ஊன்றிப் பார்த்தேன், மணிக்கட்டுக்கு வந்துவிட்டது. மக்காச்சோளம் குழிக்குள் போய்விட்டது, ரை விதைத்து ஐந்து நாளாகிறது.

இப்போது ஒரு குழப்பம். நேற்றிரவு வானம் தெளிவாக இருந்தது, காற்றே இல்லை. வீட்டுச் சுவரிலுள்ள வெப்பமானி விடியற்காலையில் 3 டிகிரி காட்டியது. ஆனால் சோள வயலின் கிழக்கு மூலை சற்றுப் பள்ளம். அங்கே மட்டும் நாலைந்து பாத்தி அளவுக்கு இலைநுனி தண்ணீரில் ஊறியதுபோல் கருத்துத் தொங்குகிறது. மீதி வயல் பச்சையாக, இடுப்பளவு நிற்கிறது. வழக்கமான உறைபனிக்கு இன்னும் இரண்டு வாரம் இருக்கிறது. இதை உறைபனி என்று எடுத்துக்கொள்வதா? பச்சையாக நிற்கும் பகுதியை மட்டும் மாடுகளுக்குக் கொடுக்கலாமா?


கொழுமுனை:

உறைபனிதான். சுவரிலுள்ள வெப்பமானி சுவரின் சூட்டையும் சேர்த்துக் காட்டுகிறது. அதோடு தெளிவான, காற்றில்லாத இரவில் தரையோடு ஒட்டிய காற்று ஆளுயரத்துக் காற்றைவிடச் சில டிகிரி குளிர்ந்திருக்கும். குளிர்ந்த காற்று கனமானது, தண்ணீரைப்போலப் பள்ளத்தை நோக்கி ஓடித் தேங்கும். "இன்னும் இரண்டு வாரம்" என்பது உங்கள் பகுதியின் சராசரி. உங்கள் கிழக்கு மூலைக்கு அது பொருந்தாது. ஒரு வெப்பமானியை அந்த மூலையில் முழங்கால் உயரத்தில் ஒரு குச்சியில் கட்டிவிடுங்கள், அடுத்த ஆண்டு அந்த மூலைக்கென்று தனிக் கணக்கு வைத்துக்கொள்ளலாம்.

பச்சைப் பகுதி 60 செ.மீ.யைத் தாண்டிவிட்டது என்றாலும் இன்று மாடுகளை விடாதீர்கள். நேற்று அந்த மூலைக்கு நடந்தது இன்றிரவு நடு வயலுக்கு நடக்கலாம், காலையில் நீங்கள் எழுவதற்குள் மாடுகள் உள்ளே மேய்ந்துகொண்டிருக்கும். என் நிலமாக இருந்தால், கருகிய மூலையை மின்வேலியால் பிரித்துவிட்டு, மீதியைத் தாள் 25 செ.மீ. விட்டு அறுத்துச் சைலேஜாகப் போட்டுவிடுவேன். ஆறு வாரம் கழித்து, நைட்ரேட் முடிவும் வந்த பிறகு திறப்பேன். மூலையில் நாளை மறுநாளிலிருந்து தினமும் குனிந்து அடித்தூரைப் பாருங்கள். அடியில் வெளிர்பச்சை தெரிந்தால் அந்த வேலி அங்கேயே இருக்கட்டும். அறுவடை இயந்திரக்காரரிடமும் பண்ணையில் வேலை செய்பவர்களிடமும் அந்த மூலையைக் கைகாட்டிச் சொல்லிவிடுங்கள். என் வேலியில் தளர்ந்திருந்த இடம் எனக்கு முன்பே இன்னொருவருக்குத் தெரிந்திருந்தது, அவர் என்னிடம் சொல்ல மறந்திருந்தார்.